ஒரே வீதி, அறுநூறு கடைகள்: ஒசாகாவில் எங்கள் கடைசி மூன்று நாட்கள்

வியாபாரிக்கு விடுமுறை என்றால் கடைக்குப் பூட்டுப் போட்ட நாள் என்று அர்த்தம். மனசுக்குப் பூட்டுப் போட முடிவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள கடைவீதி எது, அரிசி என்ன விலை, சரக்கு எங்கிருந்து இறங்குகிறது என்று கண் தேடிக்கொண்டேதான் இருக்கும். 2024 நவம்பரில் நாங்கள் ஆறு பேர், அதாவது மூன்று மொத்த வியாபாரிகளும் எங்கள் இல்லத்தரசியரும், பன்னிரண்டு நாள் சுற்றுலாவாக ஜப்பான் சென்று வந்தோம். டோக்கியோவின் உயர்ந்த கட்டடங்களைப் பற்றியும் கியோட்டோவின் கோயில்களைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். கடைசி மூன்று நாட்களை ஒசாகாவுக்கென்று ஒதுக்கியிருந்தோம். நம் இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது அந்த மூன்று நாட்களில்தான் இருக்கிறது.

காரணம், ஒசாகா வியாபாரிகளின் ஊர். டோக்கியோ ஆட்சியாளர்களின் ஊராகவும், கியோட்டோ அரச குடும்பத்தின் ஊராகவும் இருந்த காலத்தில், ஒசாகாவுக்கு 'நாட்டின் சமையற்கட்டு' என்று பெயர். பல பிரதேசப் பிரபுக்கள் வரியாக வசூலித்த நெல்லும் அரிசியும் இங்கே வந்து, ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் இறங்கி, இங்கே விலை பேசப்பட்டு நாடெங்கும் போயிற்று. பழைய ஒசாகாவாசிகள் ஒருவரையொருவர் சந்தித்தால் 'மோகரிமக்கா?' என்று கேட்பார்களாம். 'லாபம் வருகிறதா?' என்று பொருள். அதற்குப் பதில், 'போச்சி போச்சி.' அதாவது, 'ஏதோ ஓடுகிறது.' நாம் கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் அதே பதில்!

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் எங்கள் நண்பர் ஒருவரின் மகன். அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக வேலை பார்க்கிறார், ஜப்பான் மொழி நன்றாகப் பேசுகிறார். "மாமா, கோட்டை பார்க்க வேண்டுமா, நீர்வாழ் காட்சியகம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டவரிடம், "கடைவீதியைக் காட்டு தம்பி" என்றோம். சிரித்துக்கொண்டே மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

முதல் நாள்: கூரை போட்ட கடைவீதி

தென்ஜின்பாஷி கடைவீதி 2.6 கிலோமீட்டர் நீளம். கடைகள் ஏறத்தாழ 600. ஜப்பானிலேயே மிக நீளமான கடைவீதி என்று சொல்கிறார்கள். ஒரு பழைய கோயிலுக்குப் போகிற வழியில் கடைகள் முளைத்து, வளர்ந்து, இந்த அளவுக்கு வந்திருக்கிறது. அந்த நீளத்துக்குள் ஒரே சுரங்க ரயில் பாதையின் மூன்று நிலையங்கள் இருக்கின்றன என்றால் தூரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்களை முதலில் நிறுத்தியது தலைக்கு மேல் இருந்த கூரை. மழை, வெயில் எதுவும் வாடிக்கையாளர் மேல் படாதபடி வீதியின் மேலேயே உயரமாகக் கூரை அமைத்திருக்கிறார்கள். அதன் கீழே அரிசிக்கடை, தேயிலைக்கடை, ஊறுகாய்க்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை, புத்தகக்கடை, துணிக்கடை, பத்துப் பேர் நின்று சாப்பிடும் அளவுள்ள சாப்பாட்டுக்கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவை நம் ஊர்க் கடைகளைப் போல் சிறிய முகப்பு உடையவை. கூடையோடு வரும் மூதாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் விட்டு வருபவர்களும் நெருக்கமாக நடக்கிறார்கள். வீதி முழுவதும் ஒரே சங்கம் அல்ல. பகுதிவாரியாகத் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது கூரையின் அலங்காரம் மாறுவதை வைத்தே எல்லையைக் கண்டுகொள்ளலாம்.

ஒரு தேயிலைக்கடையில் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும், மூன்றாம் தலைமுறையாம். நாங்களும் வியாபாரிகள் என்று தெரிந்ததும் பேச்சு களைகட்டிவிட்டது. கூரைப் பராமரிப்பு, விளக்கு, துப்புரவு, விழாக்கால அலங்காரம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கடை முகப்பின் அகலத்தை வைத்து மாதச் சந்தா. "கொடுக்காதவர்கள் உண்டா?" என்று கேட்டோம். எல்லா ஊர்ச் சங்கத்திலும் உள்ள கேள்விதானே! சங்கிலிக் கடைகளிடம் சில நேரம் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தார்: "கூரை ஒழுகினால் யார் கடைக்கு முன்னால் ஒழுகுகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை."

கடைவீதிகள் சட்டப்படி சங்கமாகப் பதிவுசெய்து கொள்வதற்கென்றே ஜப்பானில் 1962-இல் தனிச் சட்டம் வந்தது. தனிக் கடைக்குக் கிடைக்காத கடனும் மானியமும் பதிவுபெற்ற வீதிக்குக் கிடைக்க அதனால் வழி பிறந்தது.

கோயிலின் பக்கத்தில் ஒரு சிறிய அரங்கம் இருக்கிறது. ஒரே ஆள் மேடையில் உட்கார்ந்து, பல குரலில் நகைச்சுவைக் கதை சொல்லும் கலை ஜப்பானில் உண்டு. ஒசாகாவில் அதற்கு நிரந்தர அரங்கம் இல்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. கலைஞர்கள் இந்தக் கடைவீதிச் சங்கத்தை அணுகிக் காலிக் கடை ஏதும் கிடைக்குமா என்று கேட்டதில் முயற்சி தொடங்கி, கோயில் நிலம் தர, பொதுமக்கள் நன்கொடை தர, 2006-இல் அரங்கம் திறக்கப்பட்டது. நன்கொடையாளர் பெயர்கள் காகித விளக்குகளில் எழுதப்பட்டு உள்ளே தொங்குகின்றன. அரங்கத்தின் பெயரிலேயே 'வியாபாரச் செழிப்பு' என்ற சொல் இருக்கிறது. கதை கேட்க வந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாரா? வீதிக்குக் கூட்டம் வந்தால் எல்லாக் கடைக்கும் வியாபாரம் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

அதே நாள் மாலை: ஷட்டர் இறங்கிய வீதி

எல்லா இடமும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். அன்று மாலை தம்பி தாம் குடியிருக்கும் புறநகருக்கு எங்களைச் சாப்பிட அழைத்துச் சென்றார். ரயில் நிலையத்தை விட்டு இறங்கியதும் அங்கேயும் ஒரு கூரை போட்ட கடைவீதி. ஆனால் மாலை ஆறு மணிக்கே பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. அன்றைக்கு மட்டும் இறக்கிய ஷட்டர் அல்ல என்பது அதில் ஏறியிருந்த துருவைப் பார்த்தாலே தெரிந்தது. இப்படிப்பட்ட வீதிகளுக்கு ஜப்பான் மொழியில் 'ஷட்டர் தெரு' என்றே பெயர் விழுந்துவிட்டது. சிறு நகரங்களில் இது மிக அதிகம்.

திறந்திருந்த ஓர் அரிசிக்கடையில் ஓர் அம்மையார் தனியாக உட்கார்ந்திருந்தார். கணவர் காலமாகிவிட்டார், மகன் டோக்கியோவில் வேலை. பக்கத்துக் கடைகளை ஏன் வாடகைக்கு விடவில்லை என்று கேட்டோம். கீழே கடை, மேலே வீடு. வியாபாரத்தை நிறுத்திய முதியவர்கள் மாடியிலேயே குடியிருக்கிறார்கள், கீழே புதிய ஆளை விட விருப்பமில்லை என்றார். "என் கடையும் என்னோடு சரி" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் இல்லத்தரசியர் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் மூன்று கடைகளில் ஒன்றில் மட்டுமே இன்று மகன் உட்கார்ந்திருக்கிறான். மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கணினி வேலையில் வெளியூரில் இருக்கிறார்கள்.

காலையில் பார்த்த வீதிக்கும் மாலையில் பார்த்த வீதிக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? இதைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் தந்த கால் நூற்றாண்டு

பெரிய கடைகளிலிருந்து சிறு வியாபாரிகளைக் காக்க 1973-இல் ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியது. 1974 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1,500 சதுர மீட்டருக்கு மேல், பெருநகரங்களில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் கடை திறக்க வேண்டுமானால் முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1979 முதல் இந்தக் கட்டுப்பாடு 500 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 5,400 சதுர அடி வரை இறங்கி வந்தது. கடையின் அளவு, திறக்கும் தேதி, இரவு மூடும் நேரம், ஆண்டுக்கு எத்தனை நாள் விடுமுறை ஆகிய நான்கும் உள்ளூர் வியாபாரிகளின் கருத்தைக் கேட்டே முடிவாயின. ஒரு பெரிய கடையின் திறப்பு விழா பல ஆண்டுகள் தள்ளிப் போனதும் உண்டு.

பிறகு காற்று திசை மாறியது. 1989, 1990-இல் நடந்த வர்த்தகப் பேச்சுகளில் அமெரிக்கா இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி வற்புறுத்தியது. 1992 ஜனவரியில், ஒசாகாவை அடுத்த நாரா மாநிலத்தில் ஓர் அமெரிக்கப் பொம்மைக் கடையின் கிளைக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவர்களே நேரில் வந்தார் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சட்டம் படிப்படியாகத் தளர்ந்து, 2000-இல் அடியோடு நீக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த சட்டம் போக்குவரத்து, இரைச்சல், குப்பை ஆகியவற்றைப் பார்க்கிறதே தவிர, அக்கம்பக்கத்துச் சிறு கடை பிழைக்குமா என்று பார்ப்பதில்லை.

சட்டம் இருந்த காலத்திலும் கடைகள் குறையாமல் இல்லை. 1982-இல் ஜப்பானில் சில்லறைக் கடைகள் ஏறத்தாழ 17 லட்சம். முப்பது ஆண்டுகளில் அது சுமார் 10 லட்சமாக இறங்கிவிட்டது. மக்கள் காரில் புறநகர்ப் பேரங்காடிக்குப் போகத் தொடங்கியது ஒரு காரணம். இரவு பகல் திறந்திருக்கும் சங்கிலிக் கடைகள் இன்னொரு காரணம். கடைக்கு வாரிசு இல்லாதது மூன்றாவது காரணம். இதில் முதல் காரணத்தைத் தள்ளிப்போடச் சட்டத்தால் முடிந்தது. மூன்றாவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

எங்களுக்கு விளங்கியது இதுதான். சட்டம் வியாபாரிக்குக் கால் நூற்றாண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த அவகாசத்தில் வீதியைச் செப்பனிட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். சட்டமே போதும் என்று இருந்தவர்கள் பலர் சட்டத்தோடு சேர்ந்து போனார்கள்.

இரண்டாம் நாள்: கூட்டமும் ஆபத்து

மறுநாள் குரோமோன் சந்தை. பெயருக்குக் 'கறுப்பு வாயில்' என்று பொருள். பக்கத்தில் இருந்த ஒரு கோயிலின் கறுப்பு வாயிலால் வந்த பெயர். 580 மீட்டர் நீளத்தில் சுமார் 150 கடைகள். மீனும் காய்கனியும் உணவுப் பொருளும் முக்கிய வியாபாரம். ஒசாகாவின் சாப்பாட்டுக்கடைக்காரர்களும் குடும்பத்தினரும் சரக்கு வாங்கும் இடமாக நெடுங்காலம் இருந்தது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டுப் பயணிகள் அலை அலையாக வந்தார்கள். கடைகள் சுட்ட நண்டும் சிப்பியும் குச்சியில் குத்தி விற்கத் தொடங்கின. விலை ஏறியது. உள்ளூர்க்காரர்கள் மெல்ல ஒதுங்கினார்கள்.

2020-இல் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. பயணிகள் ஒரே மாதத்தில் மறைந்தார்கள். ஒதுங்கிய உள்ளூர் வாடிக்கையாளரைத் திரும்ப அழைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சந்தை அப்போது உணர்ந்தது. நாங்கள் போன நாளில் மறுபடி பயணிகள் கூட்டம் நிரம்பி வழிந்தது. நாங்களும் அந்தக் கூட்டத்தில் ஆறு பேர்தானே! ஒருமுறை வந்து போகிற வாடிக்கையாளர் பணம் தருவார். மாதம் முப்பது நாளும் கடையைத் தாங்குகிறவர் அடுத்த தெருவில் இருக்கிறார்.

ஒரு பலகாரக் கடையில் வேடிக்கையான கணக்கைப் பார்த்தோம். பொட்டலம் கட்டி வாங்கிப்போனால் வரி 8 சதவீதம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். 1989-இல் 3 சதவீதத்தில் தொடங்கிய அவர்களது நுகர்வு வரி, 1997-இல் 5, 2014-இல் 8, 2019 அக்டோபரில் 10 என்று ஏறியிருக்கிறது. அந்தக் கடைசி ஏற்றத்தின்போது உணவுப் பொருளுக்கு 8 என்று நிறுத்திவைத்தார்கள். 2023 அக்டோபர் முதல், பதிவு எண் உள்ள பில் இருந்தால்தான் வாங்கியவர் உள்ளீட்டு வரியை முழுதாகக் கழிக்க முடியும் என்ற முறை தொடங்கியது. ஆண்டு விற்பனை ஒரு கோடி யென்னுக்கு, அதாவது நாங்கள் சென்றபோதைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 55 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பதிவு எண் இல்லாதவரிடம் பெரிய நிறுவனங்கள் சரக்கெடுக்கத் தயங்குவதால், விலக்கு பெற்றவர்களும் பதிவுசெய்ய வேண்டிய நிலை. ஜி.எஸ்.டி. வந்தபோது நம் கடைவீதியில் கேட்ட பேச்சு அப்படியே அங்கும் கேட்கிறது.

அடுத்துப் போன இடம் டோகுயாசுஜி. சமையல் பாத்திரங்களுக்கென்றே உள்ள சிறிய வீதி. கத்தி, வாணலி, கடை வாசலில் தொங்கவிடும் துணித் திரை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் போலி உணவு மாதிரிகள் என்று, ஒரு சாப்பாட்டுக்கடை திறக்க வேண்டிய அத்தனையும் அங்கே கிடைக்கும். எங்களில் ஒருவர் காய்கறிக் கத்தி வாங்கினார். பக்கத்திலுள்ள சாக்காய் என்ற ஊர் கத்திக்குப் பேர்போனது. விற்றவர் கத்தியைச் சும்மா கொடுத்துவிடவில்லை. தீட்டிக் காட்டி, எப்படித் துடைத்து வைக்க வேண்டும் என்று சொல்லி, எங்கள் அம்மையாரின் பெயரையும் அலகில் பொறித்துக் கொடுத்தார். இந்தப் பேச்சையும் கவனிப்பையும் பேரங்காடி அலமாரி கொடுக்குமா?

மாலையில் இமாமியா எபிசு கோயிலுக்குச் சென்றோம். எபிசு வியாபாரிகளின் தெய்வம், கையில் தூண்டிலும் மீனும் வைத்திருப்பவர். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 9 முதல் 11 வரை நடக்கும் விழாவில் வியாபாரிகள் திரளாக வந்து, மங்கலப் பொருட்கள் கட்டிய மூங்கில் கிளையை வாங்கிப்போய்க் கடையில் வைக்கிறார்கள். எபிசுவுக்குக் காது மந்தமாம். அதனால் கோயிலின் பின்புறம் போய்த் தட்டி, 'நான் வந்திருக்கிறேன்' என்று சொல்வது வழக்கம். நாங்கள் சென்றது கூட்டமில்லாத நாள். நாங்களும் தட்டிவிட்டு வந்தோம்.

கடைசி நாள்: அரிசிக்கு விலை பேசிய இடம்

விமானம் இரவில்தான். பகலை டோஜிமாவுக்கு வைத்திருந்தோம். 1730-இல் அரசு அங்கீகாரத்தோடு இங்கே அரிசிச் சந்தை நடந்தது. கையில் அரிசியே இல்லாமல், வரப்போகும் அரிசிக்குக் கணக்குப் புத்தகத்திலேயே விலை பேசும் முறை அப்போதே இங்கே இருந்தது. உலகின் முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட முன்பேரச் சந்தை இதுதான் என்பார்கள். தந்தி இல்லாத அந்தக் காலத்தில், குன்றுக்குக் குன்று கொடியசைத்து விலையை வெளியூருக்குச் சில நிமிடங்களில் அனுப்பினார்களாம். 1939-இல் போர்க்காலக் கட்டுப்பாட்டால் அந்தச் சந்தை மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் 2018-இல் வைத்த பெரிய அரிசிமணி வடிவ நினைவுச் சின்னம் நிற்கிறது. எங்களைப் போன்ற அரிசி மண்டிக்காரர்களுக்கு அதுவும் ஒரு கோயில்தான்.

அந்தக் கதை முடிந்துவிடவும் இல்லை. 2024 ஆகஸ்டில் ஜப்பானியக் கடைகளில் அரிசித் தட்டுப்பாடு வந்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு பை என்று அறிவிப்பு வைத்தார்கள். அதே மாதம் 13-ஆம் தேதி டோஜிமா பெயர் தாங்கிய சந்தையில் அரிசி விலைக் குறியீட்டை வைத்து முன்பேர வர்த்தகம் மறுபடி தொடங்கியது. நாங்கள் போன நவம்பரில் புது அரிசி வந்திருந்தும் விலை இறங்கவில்லை.

பக்கத்திலேயே கைடோகுடோ என்ற பள்ளி இருந்த இடமும் உண்டு. 1724-இல் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து தங்கள் செலவில் தொடங்கிய பள்ளி அது. வியாபாரியை மட்டமாகப் பார்த்த காலத்தில், நேர்மையான லாபம் இழிவானதல்ல என்று அங்கே கற்பித்தார்கள். அதன் விதிகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. கடையில் தவிர்க்க முடியாத வேலை வந்தால், பாடத்தின் நடுவிலேயே எழுந்து போகலாம்! 1869 வரை நடந்த பள்ளி இது.

விமான நிலையம் போகுமுன் கொம்பு வாங்கினோம். நம் ஊர்க் கொம்பு அல்ல, காய்ந்த கடற்பாசிக்கு அங்கே அந்தப் பெயர். எங்கள் குழுவில் ஒருவர் சைவம். மீன் சேராத குழம்பு தேடி அவர் பட்ட பாட்டுக்கு இந்தக் கொம்பு ஊறிய தண்ணீர்தான் கைகொடுத்தது. ஒசாகா சமையலின் ருசியே இதில்தான் இருக்கிறது. ஆனால் ஒசாகாவில் கொம்பு விளைவதில்லை. வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது. வாங்கி, தரம் பிரித்து, பதப்படுத்தி, சீவி விற்றுப் பெயர் வாங்கியது ஒசாகா. விளையாத பொருளுக்கு ஓர் ஊர் விலையும் பெயரும் வாங்கித் தருவது வியாபாரிகளின் திறமை.

நாம் யோசிக்க வேண்டியவை

ஜப்பானைப் போல் நாமும் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பட்டதை நாம் படாமல் இருக்கலாமே என்பதுதான் எண்ணம். பேரங்காடியும், வீட்டு வாசலுக்கே பத்து நிமிடத்தில் சரக்கு தரும் செல்போன் வியாபாரமும் நம் தெருவுக்கு வந்துவிட்டன. அரசிடம் பாதுகாப்புக் கேட்பது நம் உரிமை. தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் பாதுகாப்பு கிடைத்தால் அது அவகாசம் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

வாடிக்கையாளர் முதலில் வீதிக்கு வருகிறார், பிறகுதான் கடைக்கு வருகிறார். அவர் நிற்க நிழல், வண்டி விட இடம், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, இரவில் வெளிச்சம் இவற்றை எந்தத் தனிக் கடையும் தர முடியாது. பத்துக் கடை சேர்ந்தால் முடியும். வருகிற பொதுக்குழுவில், வீதிவாரியாகக் குழு அமைத்து, முகப்புக்கு இவ்வளவு என்று சந்தா வைப்பதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மூவரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

வாரிசு விஷயத்தைக் கூட்டத்தில் தீர்க்க முடியாது. அது வீட்டில் பேச வேண்டியது. பிள்ளைகள் விரும்பினால் கல்லாவில் இடம் கொடுப்போம். விரும்பாவிட்டால், நம்மிடம் பத்து இருபது ஆண்டு உழைத்த கடைப் பையனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்துப் பங்கும் கொடுப்போம். எங்களில் ஒருவர் ஊர் திரும்பிய மறுவாரமே தம் கணக்குப்பிள்ளையை அழைத்து உட்காரவைத்து அந்தப் பேச்சைத் தொடங்கிவிட்டார்.